துண்டுக்கு என்ன நட்சத்திரம்?

தமிழ்மொழி அப்பாவைப் பார்த்தால் தும்முவாள். வேறு யாரைப் பார்த்தும் தும்மியதில்லை. பால்காரர் வந்தால் சும்மா இருப்பாள், பள்ளிக்கூடத்து சார் வந்தால் சும்மா இருப்பாள், ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டபடி வருகிறவர்களைப் பார்த்துக்கூட அவள் மூக்கு அசைந்ததில்லை. அதிலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆனால் தை மாதத்துச் சாயங்காலம் ராசாங்கம் வாசலில் டிராக்டரை நிறுத்திவிட்டு, "தங்கம்!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தால் போதும். ஏழு வயதுத் தங்கம் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும். உடனே ஆரம்பமாகிவிடும். ஐந்தாவது தும்மலில் கண் சிவக்கும். பத்தாவதில் மூக்கு ஒழுகும். அப்புறம் நெஞ்சுக்குள்ளிருந்து பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வரும்.

பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் பிள்ளையின் ஒவ்வொரு தும்மலுக்கும் "நூறு... இருநூறு..." என்று ஆயுசை ஏற்றிக்கொண்டே போவாள். ஒருநாள் ஆயிரத்து நானூறு வயதுவரை கொண்டுபோய்விட்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று பாதியில் விட்டுவிட்டாள்.

பெரம்பலூரிலிருந்து மேற்கே பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் இவர்கள் ஊர். வழி நெடுக மக்காச்சோளம். கார்த்திகையில் பூவெடுத்து, மார்கழியில் காய்ந்து, தை பிறந்ததும் கருதாக, அதாவது முழுக் கதிராக, ஒடித்துக் கொண்டுவந்து தார்ரோட்டில் கொட்டிவிடுவார்கள். ரோடு போட்டது எதற்கு என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் "காய வைக்க" என்பார்கள். பஸ் போகிறதே என்றால், "அதுவும் போவும்" என்பார்கள்.

அந்தக் கருதையெல்லாம் அடித்துக் கொடுக்கிற மெஷின் ராசாங்கத்துடையது. அவருடைய அப்பா கூலிக்குத் தடியெடுத்துக் கருது அடித்தவர். மகன் பதினாறு வயதில் டிராக்டருக்குக் கிளீனராகி, பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் டிராக்டரை ஓட்டி, கடைசியில் சொந்த டிராக்டரும் அதன் பின்னால் மாட்டுகிற சிவப்பு நிற மெஷினும் வாங்கினார். மெஷின் மேல்வாயில் கருதை விழுங்கும். கீழே மணி கொட்டும், பக்கவாட்டில் சக்கை பறக்கும், மேலே சுணை கிளம்பும். சுணை என்பது சோளத்தின் தூசி. பட்ட இடம் அரிக்கும், பார்த்த கண் எரியும். தை முழுக்க ராசாங்கம் தலைமுதல் கால்வரை மஞ்சள் பொடி தூவிய பலகாரம்போல இருப்பார். அந்தக் கோலத்தில்தான் வீட்டுக்கு வருவார், மகளைத் தூக்குவார், சட்டையைக் கழற்றிப் படுக்கிற இடத்துக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டுவார். காலையில் அதே சட்டையை எடுத்து நன்றாக ஓர் உதறு உதறிப் போட்டுக்கொள்வார். பிள்ளை படுக்கையிலிருந்தே தும்மும்.

கிளம்புகிற நேரத்துத் தும்மல் ஆகாதே! மனைவி வெற்றிச்செல்வி சொம்போடு ஓடிவருவாள்.

"ஏங்க, உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

குடித்துவிட்டு எழுந்தால் மறுபடி தும்மல். மறுபடி தண்ணீர். நாலு சொம்பு குடித்து வயிறு தளும்ப அவர் கிளம்புவதற்குள் கருதைக் குவித்து வைத்திருப்பவர்கள் ஆறு தடவை போன் அடித்துவிடுவார்கள். "இன்னும் பத்தே நிமிசங்க, புள்ள தும்மிக்கிட்டு இருக்கு" என்பார். உடனே அந்தப் பக்கம் "சரி சரி, நிதானமா வாங்க" என்று பயந்து வைத்துவிடுவார்கள். தும்மலை மீறி வந்த மெஷினில் யார் கருதைப் போடுவார்கள்?

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஊரில் உள்ள அத்தனை பேரும் பார்த்தார்கள். சளி என்று முடிவுகட்டித் தயிரை நிறுத்தினார்கள். வாழைப்பழத்தை நிறுத்தினார்கள். ஆரஞ்சு, ஐஸ், தலைக்குக் குளியல், எல்லாம் போயிற்று. மூன்று வருஷமாகத் தயிர் கண்ணில் காட்டப்படாத அந்தப் பிள்ளை, அடுத்தவர் வீட்டு மோர்க்குழம்பை வாசலில் நின்று மோந்து பார்க்கும். போதாததற்கு, தும்முகிற பிள்ளைக்குத் திருஷ்டி என்று சாயங்காலம் வீடு நிறையச் சாம்பிராணிப் புகை. மேலே சுணைச் சட்டை, கீழே சாம்பிராணி. நடுவில் பிள்ளை. இப்படிக் கவனிக்கப்பட்டதில் போன வருஷத் தையில் மூச்சுத் திணறி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து மூக்கில் மருந்துப் புகை பிடித்து, கண்ணெல்லாம் குழிந்து வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்குத்தான் வெற்றிச்செல்வி ஜோசியரைப் பார்த்தேயாக வேண்டும் என்றாள். ராசாங்கத்தின் வீடு பகுத்தறிவு பேசுகிற வீடு. பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதே மேடையில்தான். ஆகவே உள்ளூர் ஜோசியரிடம் போகவில்லை. கொள்கைக்காக எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள தங்கசாமி ஜோசியரிடம் போனார்கள்.

தங்கசாமி கம்ப்யூட்டரில் இரண்டு ஜாதகத்தையும் போட்டுப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"தகப்பனுக்கும் மகளுக்கும் ஆகலைங்க. தை, மாசி ரெண்டு மாசமும் தகப்பன் மொகத்துல புள்ள முழிக்கக்கூடாது. மாமன் வூடு எந்தப் பக்கம்?"

"திருமானூருங்க."

"கொள்ளிடக்கரையா? அருமை. ஆத்துத் தண்ணி தோசத்தக் கழிச்சிடும். அனுப்பிடுங்க."

வெற்றிச்செல்வியின் தம்பி மணிவேல் அரியலூர் வழியாக பஸ் மாறி மாறி வந்து மருமகளை அழைத்துப் போனான். ராசாங்கம் வழியனுப்பக்கூட இல்லை, முகத்தில் முழிக்கக்கூடாதே. மெஷினுக்குப் பின்னால் நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுணை பட்டுவிட்டது என்றார்.

தொல்லை என்னவென்றால், ஜோசியர் சொன்னது பலித்துவிட்டது. நெல்லும் கரும்புமாக இருக்கிற திருமானூரில் பிள்ளை ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டாள். வீடியோ காலில் அப்பாவைப் பார்த்து அரைமணி நேரம் பேசினாள். ஒரு தும்மல் கிடையாது. ராசாங்கத்துக்குச் சந்தேகம் வந்து ஜோசியருக்குப் போன் போட்டார்.

"ஏங்க, தெனம் என் மொகத்தப் பாத்துத்தான் பேசுது. தும்ம மாட்டேங்குதே?"

"அது போனுங்க. டவர் கெடைக்கும், கெரகம் கெடைக்காது" என்றார் தங்கசாமி.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் ராசாங்கம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருமானூருக்கே போனார். மகள் தோளில் ஏறிக் குதித்தாள். தும்மவில்லை. அதற்கும் ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றார் ஜோசியர். சாஸ்திரத்தில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. இதற்குள் மணிவேல் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வைத்துவிட்டான். "இங்கயே படிக்கட்டும் மாமா. கோடையில வந்து பாத்துக்கங்க" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ராசாங்கத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்து தாமதமாக வந்தவர் அவசரமாகக் குளித்து, சட்டை மாற்றி, பஸ் காற்றுக்குத் தலையில் கட்ட வேலைத்துண்டையே எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு போனார். திரும்பும்போது துண்டை மணிவேல் வீட்டு நாற்காலியில் மறந்துவிட்டார். பஸ் அரியலூரைத் தாண்டுவதற்குள் போன்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"பஸ்ல, மாப்ள. ஏன்?"

"புள்ள தும்முது மாமா! நீங்க போனதுக்கப்புறம் உங்க துண்டப் போத்திக்கிட்டு, அப்பா வாசம் வருதுன்னு ஒக்காந்திருந்துச்சு. இப்ப விடாம தும்முது."

ராசாங்கம் எழுந்து நின்றார். பக்கத்து சீட்டுக்காரர் இறங்கப்போகிறார் என்று நினைத்து வழிவிட்டார்.

"மாப்ள, நான் இங்க இருக்கேன். ஆறும் அங்கதான் இருக்கு. துண்டு மட்டுந்தானே அங்க இருக்கு?"

"ஆமா மாமா."

"துண்டுக்கு என்ன நட்சத்திரம்?"

ஜோசியரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், ராசாங்கம் கேட்கவில்லை. மறுநாள் திருமானூருக்குப் போய், அந்தத் துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியுமாகப் பெரம்பலூரில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனார்கள். போலீஸ் ஸ்டேஷனில் தடயத்தை ஒப்படைப்பதுபோல ராசாங்கம் பையை மேஜைமேல் வைத்தார்.

"இதுதாங்க குத்தவாளி."

டாக்டரம்மா பையைத் திறக்காமலே சிரித்தார். எந்த மாதத்தில் தும்மல், எந்த நேரத்தில், வீட்டில் யாருக்காவது மூச்சிரைப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்.

"இது சளி இல்ல. ஒத்துக்காமை. சில பேருக்குக் கத்திரிக்கா அரிக்குதுல்ல, அது மாதிரி இவ மூக்குக்கு மக்காச்சோளத் தூசி. பூ வர்றப்பவே லேசா ஆரம்பிச்சிருக்கும். நீங்க மெஷின் ஓட்டிட்டு வர்றப்ப மூட்டையா கொண்டுவந்து குடுக்குறீங்க."

ராசாங்கம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"தயிர் குடுக்கலாங்களா?" இது வெற்றிச்செல்வி.

"யாரு நிறுத்தச் சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் ஊர் வாக்காளர் பட்டியலையே வாசிக்க வேண்டும்.

டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சாம்பிராணி கூடாது. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கணும். வேலைத்துணி வீட்டுக்குள் வரக்கூடாது. ஐப்பசி கடைசியில் மறுபடி காட்டணும். அப்போதே மூக்கில் அடிக்கிற மருந்து தொடங்கிவிடலாம். நெஞ்சு இழுத்தால், குழாய் மாட்டிய இன்ஹேலர். எத்தனை தடவை, எப்படி என்று அவரே செய்து காட்டினார். அதிலும் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

"அதெல்லாம் எடுத்தா பழகிடும்னு சொல்றாங்களேம்மா?" கண்ணாடியைச் சரிசெய்தபடி கேட்டாள் வெற்றிச்செல்வி.

"நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்களே. பழகிடுச்சுன்னு கழட்டி வச்சிட்டீங்களா?"

மணிவேல் சுலபமாக விடுகிறவன் இல்லை. "ஒரு தை பாப்போம் மாமா" என்றான். "அடுத்த தையில புள்ள மறுபடியும் ஆஸ்பத்திரியில படுத்துச்சுன்னா, டி.சி. வாங்கிட்டு என்கூட அனுப்பிடணும். தை கடேசி நாளு நான் வருவேன்." வெற்றிச்செல்வி தம்பி பக்கம் தலையாட்டினாள். ராசாங்கம் சரி என்றார். வேறென்ன சொல்ல முடியும்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் மூச்சுக்கு அலைந்ததை அவரும்தான் பார்த்திருந்தார்.

வீட்டுக்குள் சட்டம் போடுவது எளிது. வாசல் மூங்கில் படலுக்குப் பக்கத்திலேயே குளியலறை கட்டினார். ஆணியைப் பிடுங்கினார். சிக்கல் வெளியே இருந்தது. வாசலுக்கு நேரே தார்ரோடு. தை வந்தால் ஊர் மொத்தமும் அங்கேதான் கருதைக் கொட்டும். ஊருக்குத் தென்மேற்கே, ஏரிக்கரையோரம், சிமென்ட் போட்ட உலர்களம் ஒன்று நன்றாகவே இருந்தது. தை மாதத்து வாடைக்காற்றில் அங்கே அடித்தால் சுணை ஏரிப்பக்கம் போய்விடும், ஊருக்குள் வராது. ஆனால் அங்கே கம்பம் நட்டு வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் சோளம், களத்தில் பந்து. எதை எங்கே செய்வது என்பதில் இந்த ஊருக்குத் தனிக் கொள்கை.

மார்கழியில் தேதி கேட்டு வந்தவர்களிடம் ராசாங்கம் ஒரே பதிலைச் சொன்னார். "களத்துல கொட்டுங்க, வரேன். ரோட்டுல கொட்டினா மெஷின் வராது."

பெரிய சம்சாரி அங்கமுத்துவுக்குச் சுருக்கென்றது. இருபது ஏக்கர் சோளம்; ராசாங்கத்தின் வீட்டுக்கு எதிர்ப்புறம்தான் அவர் வருஷா வருஷம் கொட்டுகிற இடம். டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னார்:

"என்னப்பா இது? உங்கப்பன் எங்க களத்துல தடியெடுத்து அடிச்சவன். நீ எங்களுக்கு எடம் காட்டுறியா?"

ராசாங்கம் கிளாஸை வைத்தார்.

"ஆமாங்க. நீங்க சொன்ன எடத்துல அவரு அடிச்சாரு. தடி உங்களுது. இது என் மெஷினுங்க."

"வேற மெஷினே இல்லையா ஊர் ஒலகத்துல?" அங்கமுத்து அங்கேயே போனை எடுத்து, அடுத்த ஊர் மெஷின்காரர் வேல்முருகனை அழைத்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டார்.

"தாராளமா வரேங்க" என்றார் வேல்முருகன். "களத்துல கொட்டி வச்சிடுங்க. ரோட்டுல நான் அடிக்கிறதில்ல."

இதன் பின்னணி அங்கமுத்துவுக்குத் தெரியாது. பத்து நாளைக்கு முன்னால், பெரம்பலூர் ஒர்க்‌ஷாப்பில் பெல்ட்டும் சல்லடையும் மாற்ற வந்த மெஷின்காரர்கள் ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். ராசாங்கம் மகள் கதையைச் சொல்லிவிட்டு, "உங்க வூட்ல யாருக்காவது தையில புள்ள தும்முதா?" என்று கேட்டார். நாலு பேர் கையைத் தூக்கினார்கள். ஒருவர் இத்தனை நாளும் தயிர்மேல் பழியைப் போட்டிருந்தார். ஒருவர் புது வீட்டு வாஸ்து சரியில்லை என்று வாசலையே மாற்றி வைத்திருந்தார். இன்னொருவர், மாமியார் ஊருக்கு வருவதும் பிள்ளை தும்முவதும் ஒரே மாசம் என்று கணக்குப்போட்டு மாமியாரை வரவிடாமல் செய்திருந்தார். (அந்தக் கணக்கை மட்டும் அவர் இன்றுவரை திருத்திக்கொள்ளவில்லை.) வேல்முருகன் தன் சட்டையைக் கழற்றி, வெளியே போய் உதறிவிட்டு வந்தார். ஆறு பேரும் அங்கேயே முடிவெடுத்தார்கள். வீட்டு வாசலில் மெஷின் நிற்காது.

அங்கமுத்து வரிசையாக இன்னும் நாலு நம்பரை அழுத்தினார். நாலு பக்கமும் "களத்துல கொட்டுங்க." ஸ்பீக்கரை அணைக்க மறந்துபோனதால் டீக்கடையே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் போனை மடியில் வைத்துவிட்டு, "வாலிபால் கம்பத்தப் புடுங்கச் சொல்லுங்கடா" என்றார். உலக வரலாற்றில் சரணாகதிகள் இதைவிட நீளமான வாசகங்களில் எழுதப்பட்டிருக்கலாம்; இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டதில்லை.

தை பிறந்தது. ஏரிக்கரையில் மெஷின் ஓடியது. ராசாங்கம் சாயங்காலம் வந்ததும் படலுக்கு வெளியே நின்று அப்படியே குளியலறைக்குள் போவார். துணி வாளியில் ஊறும். தலை தேய்த்துக் குளித்து வெளியே வந்தால் தமிழ்மொழி இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"காது?"

காட்டினார்.

"காதுக்குப் பின்னாடி?"

"அங்கயுமா?"

"அங்கதாம்ப்பா மஞ்சளா இருக்கு. திரும்பப் போங்க."

மறுபடி போய்க் குளிப்பார். ரோட்டில் போகிறவர்கள், "என்ன ராசாங்கம், பொண்ணு இன்னிக்குப் பாஸ் போட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பரிசோதனை முடிந்த பிறகுதான் கட்டிப்பிடிக்க அனுமதி. ராத்திரிச் சாப்பாட்டில் தயிர். முதல் நாள் பிள்ளை தயிர்ச்சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சம்பூர்ணம் எட்டிப் பார்த்து, "ஐயையோ, ராத்திரியில தயிரா?" என்று நெஞ்சில் கைவைத்தாள். தும்மல் வரும், எண்ண ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்து ஏமாந்து போனாள்.

எல்லா நாளும் இப்படி நல்லபடியாகப் போகவில்லை. தை இருபதாம் தேதி, பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், சக்கை ஏற்றிய டிரெய்லர் ஒன்று தமிழ்மொழியை உரசுவதுபோலப் போனது. வீட்டுக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. ஐந்து மணிக்கெல்லாம் நெஞ்சில் அந்தப் பூனைக்குட்டி. ராசாங்கம் களத்தில் இருந்தார். வெற்றிச்செல்வி தனியாள். சம்பூர்ணம் சாம்பிராணியோடு ஓடிவந்தாள்.

"அத எடுத்துக்கிட்டுப் போங்கக்கா மொதல்ல!" வெற்றிச்செல்வி போட்ட சத்தத்தில் சாம்பிராணி தூபக்காலோடு திரும்பிப் போனது.

பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்தாள். முகத்தை ஈரத்துணியால் துடைத்து, துணி மாற்றினாள். இன்ஹேலரைக் குலுக்கி, குழாயில் மாட்டி, டாக்டரம்மா காட்டியபடி ஒவ்வொரு அழுத்தாக, மூச்சை எண்ணிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தால் என்று ஆட்டோவையும் வாசலில் நிற்கச் சொன்னாள். "அம்மா, எண்ணுறதுல ஒண்ணு விட்டுட்டீங்க" என்றது பிள்ளை, இழுப்புக்கு நடுவே. அரைமணி நேரத்தில் பூனைக்குட்டி அடங்கியது. ஆட்டோக்காரர் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் காட்டியபோது டாக்டரம்மா நெஞ்சைப் பார்த்துவிட்டு, "சரியா செஞ்சிருக்கீங்கம்மா" என்றார். பள்ளிக்கூடத்தில்கூடத் தன்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்று வெற்றிச்செல்வி பஸ் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தை கடைசி நாள் மணிவேல் வந்தான். சொன்ன சொல் தவறாதவன். கையில் பிள்ளைக்குத் துணி வைக்கிற காலிப் பையும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் விசாரித்தான். மருமகள் அந்த மாதம் லீவு போட்டது ஒரே ஒரு நாள், டாக்டரிடம் காட்டப் போன அன்று. வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்தான். தம்பி பக்கம் தலையாட்டிய அதே அக்கா இப்போது அவனைப் பார்க்காமல் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள்.

"டி.சி. கேட்டு எழுதணுமாக்கா?"

"சாப்புட்டுட்டுக் கெளம்புடா."

மணிவேல் சிரித்துவிட்டான். சாயங்காலம் களத்திலிருந்து வந்த ராசாங்கம் குளித்துப் பரிசோதனையில் தேறி, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மச்சானை பஸ் ஏற்றிவிட வந்தார். ஏரிப்பக்கம் மெஷினிலிருந்து கிளம்பிய தூசி இன்னும் அடங்காமல், வெயிலில் மஞ்சளாக, ஊருக்குள் வராமல் தண்ணீர்மேல் போய்க்கொண்டிருந்தது. அங்கமுத்து அந்தப் பக்கமாக வந்தவர், தோளில் இருந்த பிள்ளையைப் பார்த்து, "எம் பேத்தியும் இந்த வருசம் இருமவே இல்ல. அந்த டாக்டரம்மா பேரென்ன?" என்று கேட்டுவிட்டு, ராசாங்கத்திடம் கேட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று வேகமாக நடந்தார்.

பஸ் வந்தது. மணிவேல் ஏறினான். ராசாங்கமும் மகளும் கீழே நின்று கையாட்ட, கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அவங்க ஏறலையா? எத்தன டிக்கெட்டு?" என்றார்.

"ஒண்ணு போதுங்க" என்றான் மணிவேல், காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு. "புள்ள அவங்க அப்பாகூட இருக்கு."